கஞ்சா எடுக்கிற நோயாளி பாமசிக்கு வந்தால்: வன்னி மருந்தாளருக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

போன மாரியில் ஒரு நாள் மத்தியானம், கடையில் சனம் குறைந்த நேரமாகப் பார்த்து ஒரு அம்மா வந்தார். கையில் ஒரு பிஸ்கற் பேணி. உள்ளே துவாய்த் துண்டு, அதற்குள் சொட்டு மூடி போட்ட சின்னக் கபிலநிறப் போத்தல். "தம்பி, மகள் கனடாவில இருந்து ஆக்களிட்டக் குடுத்து விட்டவள். அண்ணன்ட கால் நோவுக்காம். எத்தினை சொட்டு எண்டு ஒருக்கா வாசிச்சுச் சொல்லுங்கோ." லேபிளில் மஞ்சள் கட்டத்துக்குள் ஓர் எச்சரிக்கை, பக்கத்தில் சிவப்பு எண்கோணம், அதற்குள் கஞ்சா இலை, கீழே டி.எச்.சி. என்று மூன்றெழுத்து, கஞ்சாவில் போதை தருகிற சத்தின் பெயர். அவருடைய மகனுக்கு 2009இல் முழங்காலுக்குக் கீழே கால் போனது. இல்லாத அந்தக் கால்தான் இரவில் நோகிறது.

பாமசியில் வேலை செய்பவர்களுக்குத் தெரியும், டொக்டரிடம் சொல்லாத கதையை எங்களிடம் சொல்வார்கள். வவுனியா, மன்னார், முல்லைத்தீவு, கிளிநொச்சி நாலு மாவட்டத்திலும் இதே கதைதான். வயலில் யானைக் காவலுக்குக் குடிலில் கிடப்பவர், முள்ளந்தண்டில் காயப்பட்டு உடம்பு இறுகிப்போனவர், பழைய ஷெல் துண்டு இன்னும் உடம்புக்குள் இருப்பவர், சும்மா பழகிப்போன பொடியன் என்று எல்லா விதமும் வருவார்கள். அவர்களிடம் என்ன கேட்பது, எதைத் தொடக்கூடாது, யாரிடம் சொல்லலாம் என்பதை வேலை செய்கிற ஒழுங்கிலேயே எழுதுகிறேன். நான் மருந்தாளர், சட்டத்தரணி இல்லை. வழக்கு என்று வந்தால் சட்டத்தரணியிடம்தான் போக வேண்டும்.

முதலில் சட்டம் எங்கே நிற்கிறது

எங்களுக்கு அடிப்படை 1929ஆம் ஆண்டின் 17ஆம் இலக்க நஞ்சுகள், அபின், அபாயகரமான ஔடதங்கள் கட்டளைச் சட்டம். பிறகு பல தடவை திருத்தியிருக்கிறார்கள், 1984இல் தண்டனைகளைக் கடுமையாக்கினார்கள், ஆனால் கஞ்சாவைப் பொறுத்தவரை விசயம் மாறவில்லை. உரிய அனுமதி இல்லாமல் செடி வளர்ப்பது, வைத்திருப்பது, விற்பது, நாட்டுக்குள் கொண்டு வருவது எல்லாம் குற்றம். "மருந்துக்குத்தான் வைச்சிருக்கிறன்" என்பது தனியாளுக்கு ஒரு கவசம் இல்லை.

ஒரு விதிவிலக்கு உண்டு, அதைத்தான் சனம் பிழையாகப் பிடித்துக்கொள்கிறது. சித்த, ஆயுர்வேத மருந்து செய்ய ஆயுர்வேத ஆணையாளர் வழியாகக் கஞ்சா பெற முடியும், 1961ஆம் ஆண்டின் ஆயுர்வேதச் சட்டமும் இந்தப் பாதையோடு சேர்ந்தது. அது பதிவு பெற்ற வைத்தியருக்கும் மருந்து தயாரிப்பவருக்கும் உரிய கதவு. மேலைத்தேய மருந்து விற்கிற எங்கள் கடைக்கு அதில் இடமில்லை. மதன மோதகம் என்று கடைகளில் உருண்டையாக விற்கிறார்களே, அதில் கஞ்சா சேர்வதுண்டு. அதை "சும்மா லேகியம்தானே" என்று கல்லாப்பெட்டிக்குப் பக்கத்தில் வைத்து விற்று மாட்டிக்கொள்ளாதீர்கள்.

இரண்டாவது, 2015ஆம் ஆண்டின் 5ஆம் இலக்க தேசிய ஔடதங்கள் ஒழுங்குபடுத்தல் அதிகாரசபைச் சட்டம். இந்த அதிகாரசபையில் பதியாத மருந்தை இறக்கவும் விற்கவும் முடியாது. கனடாப் போத்தல் கதைக்கு இதுதான் நேரடி விடை. "இதில போதை இல்லை, சி.பி.டி. மட்டும்தான்" என்று (கஞ்சாவின் போதை தராத சத்து அது) யாராவது வாதாடினால், சரி, போதை இல்லை என்றே வைத்துக்கொள்வோம், அப்போதும் அது இங்கே பதிவில்லாத மருந்து. கனடாச் சட்டமும் அங்கேயிருந்து கஞ்சாவை, சி.பி.டி. எண்ணெயாக இருந்தாலும், எல்லை தாண்டிக் கொண்டு போவதைத் தடுக்கிறது. அனுப்புகிற மகளுக்கும் ஆபத்து, கொண்டு வருகிற ஆளுக்கும் கட்டுநாயக்கா விமான நிலையத்தில் ஆபத்து.

"அங்க பாமசியிலயே குடுக்கினமாம்" என்பார்கள். பாதி உண்மை. ஜெர்மனியில் 2017 முதல் டொக்டர் எழுதிய மருந்துத் துண்டுக்குப் பாமசி கொடுக்கிறது. பிரித்தானியாவில் 2018 நவம்பரில் வழி திறந்தாலும் விசேட வைத்தியர்தான் எழுதலாம். அமெரிக்காவில் கனெக்டிகட், மினசோட்டா போன்ற மாநிலங்கள் மருத்துவக் கஞ்சா கொடுப்பதில் மருந்தாளரைக் கட்டாயமாக்கின, மத்திய சட்டம் தடை என்று நின்றபோதே. கனடாவில் 2018 ஒக்ரோபர் 17 முதல் கஞ்சா சட்டபூர்வமானது, ஆனால் மூலைக்கு மூலை உள்ள பாமசித் தட்டில் வைத்து விற்பதில்லை. ஐ.நா.வின் போதைப்பொருள் ஆணைக்குழு 2020 டிசம்பரில் கஞ்சாவை 1961 போதைப்பொருள் உடன்படிக்கையின் மிகக் கடுமையான நாலாம் பட்டியலில் இருந்து எடுத்தது, கட்டுப்பாடுள்ள முதலாம் பட்டியலில் அது இன்னும் இருக்கிறது. இவ்வளவையும் தெரிந்து வைத்திருங்கள், வெளிநாட்டுப் பிள்ளைகள் போனில் வந்து சண்டை பிடிக்கும்போது உதவும். முடிவு மாறாது.

படி 1: கையை எடுங்கள்

போத்தலையோ சரையையோ (கடதாசிப் பொட்டலம்) மேசையில் வைத்தால் தொடாதீர்கள், அலுமாரியில் வைக்காதீர்கள், "டொக்டரைக் கேட்டுச் சொல்லுறன், இஞ்ச இருக்கட்டும்" என்றும் சொல்லாதீர்கள். உங்கள் கடைக்குள், உங்கள் பொறுப்பில் அது இருந்தால் வைத்திருந்தவர் நீங்கள்தான். சொட்டுக் கணக்கும் சொல்லாதீர்கள். பதிவில்லாத, தடை செய்த பொருளுக்கு அளவு சொல்லிக் கொடுத்துவிட்டு நாளைக்கு அந்தப் பிள்ளை மயங்கி விழுந்தால், "மருந்தாளர்தான் சொன்னவர்" என்ற ஒரு வசனம் போதும்.

லேபிளைக் கண்ணால் வாசிப்பதில் பிழையில்லை. உள்ளே என்ன இருக்கிறது என்று தெரிந்தால்தான் அவர் குடிக்கிற மற்றக் குளிசையோடு என்ன செய்யும் என்று சொல்ல முடியும். அன்று நான் அந்த அம்மாவிடம், "அம்மா, இதில கஞ்சாச் சத்து இருக்கு, நான் அளவு சொல்லேலாது, இஞ்ச இது சட்டத்துக்கு மாறு. ஆனா தம்பி இதை ஏற்கெனவே குடிச்சாரோ, அதைச் சொல்லுங்கோ, அவர்ட குளிசையோட பாக்க வேணும்" என்றேன். பேணியை மூடச் சொல்லிவிட்டு மேசையின் மற்றப் பக்கம் இருத்தினேன்.

யாராவது சரையை விட்டுவிட்டு ஓடிப்போனால்? சாட்சிக்கு ஒரு ஆளை வைத்துக்கொண்டு நேரத்தைக் குறியுங்கள், கடை உரிமையாளருக்குச் சொல்லுங்கள், பொலிசுக்கு நீங்களாகவே அறிவியுங்கள். குப்பையில் போட்டு மூடிவிடலாம் என்று நினைக்க வேண்டாம்.

படி 2: கேளுங்கள், ஆனால் ஆட்கள் நிற்கும்போது இல்லை

எங்கள் ஊர்க் கடைகளில் மேசைக்கு முன்னால் எப்போதும் மூன்று பேர் நிற்பார்கள், மூன்று பேரும் ஒருவருக்கொருவர் சொந்தம். அந்த இடத்தில் "கஞ்சா அடிப்பீங்களோ?" என்று கேட்டால் உண்மை வராது, பின்னேரத்துக்குள் கதை மாங்குளம் வரை போய்விடும். ஓரமாகக் கூப்பிடுங்கள், குரலைக் குறையுங்கள், கடைப் பொடியனைப் பெட்டி அடுக்க உள்ளே அனுப்புங்கள்.

கேட்கிற விதம் முக்கியம். நான் கேட்பது இப்படி: "அண்ணை, நோவுக்கு, நித்திரைக்கு இந்தக் குளிசையள விட வேற ஏதும் எடுக்கிறீங்களோ? நாட்டு மருந்து, லேகியம், புகை, எண்ணெய், எதெண்டாலும். மருந்தோட மோதுதோ எண்டு பாக்கத்தான் கேக்கிறன்." லேகியம் என்ற சொல்லை விட வேண்டாம், வயது போனவர்கள் அதைக் கஞ்சாக் கணக்கில் சேர்ப்பதே இல்லை.

"ஆருக்கும் சொல்ல மாட்டன்" என்று முழுச் சத்தியம் செய்யாதீர்கள், அதைக் காப்பாற்ற முடியாத நாள் வரலாம். "உங்களைக் கேக்காமல் கதைக்க மாட்டன். உயிருக்கு ஆபத்தெண்டால், கோட் கேட்டால் மட்டும் வேற" என்று சொன்னால் போதும்.

ஏசாதீர்கள். இதை என் பிழையிலிருந்து சொல்கிறேன். தொழில் தொடங்கிய காலத்தில் வலிப்புக்குக் குளிசை எடுக்கிற ஒரு பொடியனில் கஞ்சா மணம் அடித்தது, நல்ல பேச்சுப் பேசினேன், அவன் தலையைக் குனிந்துகொண்டு போனான். அதற்குப் பிறகு வரவில்லை. மாதங்கள் கழித்து மனைவி வந்து, "பாமசிக்குப் போனால் பேசுவாங்கள் எண்டு குளிசையை விட்டிட்டார்" என்றா. வாய்க்கால் கட்டில் வலிப்பு வந்து விழுந்திருக்கிறான். பக்கத்து வயலில் ஆட்கள் நின்றதால் தப்பினான்.

படி 3: நாலு விவரம் எடுங்கள்

என்ன வடிவம், எவ்வளவு, எத்தனை நாளுக்கு ஒருக்கா, கடைசியாக எப்போது. வடிவம் ஏன் என்றால், புகைத்தால் சில நிமிடத்தில் ஏறி இரண்டு முதல் நாலு மணித்தியாலத்தில் இறங்கும். சாப்பிட்டால் அரை மணி முதல் இரண்டு மணி வரை ஒன்றும் தெரியாது, பிறகு ஆறு எட்டு மணித்தியாலம் நிற்கும். "ஒண்டும் செய்யேல்லை" என்று இரண்டாவது உருண்டையைப் போடுகிறவர்கள்தான் ஆஸ்பத்திரிக்குப் போகிறார்கள்.

படி 4: குளிசைகளோடு ஒப்பிடுங்கள்

இந்த வேலைக்குத்தான் எங்களைப் படிப்பித்தார்கள். கிளினிக் கொப்பியைக் கேட்டு வாங்கி ஒவ்வொன்றாகப் பாருங்கள்.

இரத்தம் உறையாமல் வைக்கிற வார்பரின் முதலாவது. வால்வு மாற்றியவர், காலில் இரத்தம் உறைந்தவர் எல்லோரும் எடுப்பது. வார்பரினை உடைக்கிற ஈரல் நொதியை (சி.வை.பி. 2சி9) கஞ்சாச் சத்துகள் மந்தப்படுத்தும், ஐ.என்.ஆர். (இரத்தம் உறைய எவ்வளவு சுணங்குகிறது என்ற அளவு) ஏறும். ஒழுங்காக ஒரே அளவு குடித்தும் ஐ.என்.ஆர். ஏறுகிறது என்றால் கொப்பியை மூடிவிட்டு வேறு என்ன எடுக்கிறார் என்று கேளுங்கள். முரசில் இரத்தம், கறுப்பு மலம் என்றால் அன்றைக்கே ஆஸ்பத்திரி. இன்னொரு பக்கமும் உண்டு: பழகியவர் திடீரென்று விட்டால் ஐ.என்.ஆர். இறங்கலாம், ஆகவே விடுகிறவரும் கிளினிக்கில் சொல்ல வேண்டும்.

வலிப்புக்காரர் அடுத்தது. சி.பி.டி., குளோபசாம் என்ற வலிப்புக் குளிசையோடு சேர்ந்தால் குளோபசாமின் விளைபொருள் உடம்பில் குவிந்து ஆளைத் தூங்க வைக்கும், வல்ப்ரோயேற் என்ற வலிப்புக் குளிசையோடு சேர்ந்தால் ஈரல் நொதிகள் ஏறலாம். சி.பி.டி. வலிப்புக்கு நல்லது என்று இணையத்தில் பார்த்துவிட்டு வரும் தாய்மாரிடம் உண்மையைச் சொல்லுங்கள்: 2018இல் அமெரிக்காவில் அனுமதித்த எப்பிடியோலெக்ஸ் என்ற மருந்து இருக்கிறது, அது அரிதான, கடுமையான இரண்டு வகை வலிப்புக்கு (பிறகு 2020இல் இன்னொன்றும் சேர்ந்தது), அளவு தெரிந்த, தூய்மையாக்கிய மருந்து. சந்தையில் வாங்கிய எண்ணெய்ப் போத்தல் அது இல்லை. பிள்ளையின் குளிசையை நிறுத்திவிட்டு எண்ணெய் கொடுத்துப் பார்க்கிற யோசனை இருந்தால் அதை அன்றே வெட்டிவிடுங்கள்.

மூன்றாவது, புகை. கஞ்சாப் புகையோ புகையிலைப் புகையோ, ஈரலில் சி.வை.பி. 1ஏ2 என்ற நொதியைத் தூண்டிவிடும், அதனால் முட்டு வருத்தத்துக்கு எடுக்கும் தியோபிலினும் மனநல கிளினிக்கின் குளோசபினும் ஒலான்சபினும் வேகமாக உடைந்துபோகும். இதில் பொறி எங்கே என்றால் நிறுத்தும்போதுதான். புகையை விட்டதும் நொதி அடங்கும், அதே அளவு குளோசபின் இப்போது அதிகமாகிவிடும், ஆள் தூங்கி வழிவார், வலிப்பும் வரலாம். "நல்லாத் திருந்தீட்டார்" என்று குடும்பம் சந்தோசப்படுகிற வாரத்தில்தான் கிளினிக்குக்குப் போன் பண்ண வேண்டும். கஞ்சாவே மனநோயைக் கிளறுகிறது என்பது வேறு, அதை ஒவ்வொரு முறையும் சொல்ல வேண்டும்.

நித்திரை தருகிறவை: டயசெபாம், குளோனசெபாம், அமிட்ரிப்டிலின், ட்ரமடோல், கபாபென்டின், பிரீகபலின், தடிமனுக்குக் கொடுக்கும் குளோபெனிரமின் வரை. கஞ்சாவோடு சேர்ந்தால் தூக்கம் இரட்டிப்பாகும், சாராயமும் சேர்ந்தால் சொல்லவே வேண்டாம். "இதைக் குடிச்சிட்டு உழவு மெசினில ஏறாதேங்கோ, இரவில மோட்டச்சைக்கிள் எடுக்காதேங்கோ" என்று நேரே சொல்லுங்கள், போதையில் வாகனம் ஓட்டுவது தனிக் குற்றம் என்பதையும்.

நெஞ்சு வருத்தக்காரருக்கு ஒரே வரி: புகைத்த கையோடு இதயம் வேகமாக அடிக்கும், அந்த முதல் மணித்தியாலத்தில் மாரடைப்பு ஆபத்து கூடும். சத்திரசிகிச்சைக்குத் திகதி கிடைத்தவர் மயக்க மருந்து டொக்டரிடம் சொல்லியே ஆக வேண்டும். கர்ப்பிணிக்கும் பாலூட்டுகிற தாய்க்கும் எந்த அளவும் சரியில்லை, பிள்ளை எடை குறையும், பாலிலும் போகும்.

அப்புறம் ஒரு துப்பு. வாரத்துக்கு வாரம் சத்திக்கு டொம்பெரிடோனும் ஒமெப்ரசோலும் வாங்குகிற இளைஞர், எண்டொஸ்கோப்பியில் ஒன்றும் இல்லை, ஆனால் "சுடுதண்ணியில குளிச்சால் சுகமாக் கிடக்கு" என்கிறார். பங்குனி வெயிலில் கிணற்றடியில் அடுப்பு மூட்டிச் சுடுதண்ணி வைத்துக் குளிக்கிற ஆளை வன்னியில் வேறு எங்கே பார்த்தீர்கள்? நீண்டகாலக் கஞ்சாப் பாவனையால் வரும் வாந்தி நோய்க்கு இது பேர்போன அடையாளம். மருந்து, கஞ்சாவை விடுவதுதான். குளிசையை விற்றுக்கொண்டே இருக்காமல் கேளுங்கள்.

படி 5: துண்டைக் கொடுப்பதா, நிறுத்துவதா

கஞ்சா எடுக்கிறார் என்பதற்காக அவருடைய பிரஷர் குளிசையையோ வலிப்புக் குளிசையையோ மறுக்கக்கூடாது. அது தண்டனை கொடுக்கிற வேலை, எங்களுடையது இல்லை. கொடுத்து, சொல்லி அனுப்புங்கள். வார்பரின், குளோனசெபாம், ட்ரமடோல் போன்றவற்றில் சந்தேகம் வந்தால் எழுதிய டொக்டருக்குப் போன் எடுக்கும் வரை நோயாளியை இருக்கச் சொல்லுங்கள்.

நரம்பு நோவுக்குக் கொடுக்கிற பிரீகபலினில் மட்டும் இன்னும் இறுக்கம். வடக்கில் அதைப் பொடியள் போதைக்குத் தேடுகிறார்கள் என்பது எல்லோருக்கும் தெரிந்த கதை. கொப்பியும் துண்டும் இல்லாமல், பழைய துண்டுக்கு, போனில் காட்டிய படத்துக்குக் கொடுக்காதீர்கள். கடை அனுமதிப்பத்திரமும் உங்கள் இலங்கை மருத்துவச் சபைப் பதிவும் இதில் போகலாம். நீங்கள் கடையில் இல்லாத நேரம் உதவியாளர் கொடுத்தாலும் பதில் சொல்ல வேண்டியது பொறுப்பு மருந்தாளரான நீங்கள்.

படி 6: டொக்டரிடம் சொல்வது

அனுமதி கேட்டு, அவர் முன்னாலேயே போன் பண்ணுங்கள். கிளினிக் கொப்பியில் "கஞ்சா" என்று எழுதாதீர்கள், அந்தக் கொப்பி வீட்டில் ஒரு பையில் தொங்கும், வாசிக்கத் தெரிந்த எல்லோரும் வாசிப்பார்கள். மூடிய கடிதம் நல்லது. அந்த அம்மாவிடம் அப்படித்தான் கொடுத்தேன்: இல்லாத காலில் நோ, இரவில் கடுமை, வெளிநாட்டு எண்ணெய் எடுக்க யோசிக்கிறார்கள், நரம்பு நோவுக்கு எடுக்கிற அமிட்ரிப்டிலின் அளவைப் பார்க்க முடியுமா என்று. அடுத்த மாதம் புதுத் துண்டோடு வந்தார்.

விட விரும்புகிறவரை மாவட்டப் பொது மருத்துவமனையின் மனநலப் பிரிவுக்கு அனுப்புங்கள். முதல் வாரம் எரிச்சல், நித்திரையின்மை, பசியின்மை இருக்கும், இரண்டு வாரமளவில் தணியும். அந்த நேரம் டயசெபாம் கேட்டு வருவார்கள், துண்டில்லாமல் கொடுத்தால் ஒரு பழக்கத்துக்குப் பதில் இன்னொன்று. இரவில் மனம் குழம்பினால் மனநல உதவி இலக்கம் 1926க்கு அழைக்கலாம்.

படி 7: பிள்ளைகள்

சின்னப்பிள்ளை உருண்டையைத் தின்றுவிட்டால், தூங்கி வழிகிறது, தள்ளாடுகிறது, மூச்சு மெதுவாகிறது என்றால் சத்தி எடுக்க வைக்க முயலாமல் 1990 அம்புலன்சுக்கு அழையுங்கள். தின்றதன் மிச்சத்தை, உறையைக் கொண்டு போகச் சொல்லுங்கள். ஆஸ்பத்திரியில் உண்மையைச் சொல்லத் தாய் பயப்படுவா, நீங்கள் தைரியம் சொல்ல வேண்டும். பதினெட்டுக்குக் கீழே உள்ள பிள்ளையை யாராவது பயன்படுத்துகிறார்கள், விற்க விடுகிறார்கள் என்று தெரிந்தால் சிறுவர் பாதுகாப்பு அதிகாரசபையின் இலக்கம் 1929. சட்டத்தின் ஆண்டும் அதுதான், மறக்க மாட்டீர்கள்.

படி 8: சீருடை வந்தால்

இரண்டு விதமான ஆட்கள் வருவார்கள், குழப்பிக்கொள்ள வேண்டாம். உணவு, ஔடதப் பரிசோதகர் வந்து பதிவேடு, இருப்பு, அனுமதிப்பத்திரம் கேட்டால் காட்டுங்கள், அது அவருடைய அதிகாரம். பொலிஸ்காரர் சிநேகிதமாக வந்து, "உங்களிட்ட வாற ஆக்களில ஆர் ஆர் கஞ்சா எடுக்கிறது?" என்று கேட்டால் பெயர்ப் பட்டியல் கொடுக்காதீர்கள். மரியாதையாக, "சேர், நோயாளியின்ட விசயம், எழுத்தில குடுங்கோ, கோட் கட்டளை இருந்தால் தாறன்" என்று சொல்லிவிட்டு உரிமையாளருக்கும் சட்டத்தரணிக்கும் அழையுங்கள். 2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டமும் சுகாதாரத் தகவலை விசேட வகையாகத்தான் வைக்கிறது. ஆனால் பொய் சொல்லாதீர்கள், பதிவேட்டைத் திருத்தாதீர்கள், நீதிமன்றம் கேட்டால் மறைக்காதீர்கள்.

படி 9: எழுதி வையுங்கள்

தனிக் கொப்பி, பூட்டிய லாச்சி, சாவி உங்களிடம். பெயர் வேண்டாம், மருந்துப் பதிவின் இலக்கம் போதும். நீங்கள் பார்த்ததையும் சொன்னதையும் மட்டும், ஊகம் வேண்டாம். என் கொப்பியில் அன்று எழுதியது இவ்வளவுதான்: "பி.ப. 1.40. தாயார், மகனுக்காக. வெளிநாட்டு எண்ணெய் காட்டினார், நான் பெறவில்லை, தொடவில்லை. மகன் இன்னும் எடுக்கவில்லை என்றார். அளவு கேட்டார், மறுத்தேன். அமிட்ரிப்டிலினோடு தூக்கம் கூடும் என்றும் சட்ட நிலையும் சொன்னேன். சம்மதத்துடன் கிளினிக் டொக்டருக்கு மூடிய கடிதம். போத்தலைத் திரும்ப எடுத்துச் சென்றார்." கீழே கையொப்பம், திகதி.